புதுத் தளத்துக்கு ஆப் எழுதலாமா? கமிஷனுக்கு முன்னால் பார்க்க வேண்டிய கணக்கு

புதிதாக ஒரு கருவி வந்து, அதற்கென்று ஒரு ஆப் ஸ்டோரும் திறந்ததும் டெவலப்பர்கள் முதலில் கேட்பது, "எத்தனை பெர்சென்ட் எடுக்கிறாங்க?" என்பதைத்தான். முப்பது என்றால் முகம் சுருங்கும். பதினைந்து என்றால், சரி, பார்க்கலாம் என்பார்கள். 2020 ஆகஸ்டில் எபிக் கேம்ஸ் நிறுவனம் ஃபோர்ட்நைட்டுக்குள் தன் சொந்தக் கட்டண வழியைத் திறந்துவிட, ஆப்பிளும் கூகுளும் அன்றைக்கே அந்த விளையாட்டைத் தங்கள் ஸ்டோரிலிருந்து தூக்கின. அப்போது சூடுபிடித்த சண்டை இன்னும் ஆறவில்லை. அந்தச் சண்டையில் நான் டெவலப்பர்கள் பக்கம்தான். ஆனால் ஒன்றிரண்டு பேர் மட்டுமே உள்ள ஒரு குழு, இன்னும் ஆள் சேராத தளத்துக்கு ஆப் எழுதலாமா என்று யோசிக்கும்போது கமிஷனிலிருந்து தொடங்கினால் கணக்கு தப்பாகத்தான் வரும்.

கமிஷன் விற்றால்தான் போகும். உட்கார்ந்து எழுதிய மாதங்களோ, விற்றாலும் விற்காவிட்டாலும் போனது போனதுதான். புதுத் தளத்தில் விற்பனையே சந்தேகமாக இருக்கும்போது எதைக் கண்டு அதிகம் பயப்பட வேண்டும் என்பது தெளிவு.

பொதுப்படையாகப் பேசிக்கொண்டு போகாமல் ஓர் உதாரணத்தைப் பிடித்துக்கொள்வோம். மனித உடற்கூறு கற்பிக்கும் ஒரு ஆப். எலும்பு, தசை எல்லாவற்றையும் முப்பரிமாணத்தில் சுழற்றிப் பார்க்கலாம். டேப்லெட்டில் ஏற்கெனவே ஓடுகிறது, ஓரளவு விற்கவும் செய்கிறது. இதைத் தலையில் மாட்டும் ஹெட்செட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். டேப்லெட் ஆப்பையே அப்படியே அங்கே ஓட விடலாம். பிரவுசர் வழியாகக் கொடுக்கலாம். கணினியோடு இணைக்கும் ஹெட்செட்டுகளுக்காக, கணினி விளையாட்டுகள் விற்கும் ஸ்டீம் என்ற ஸ்டோரில் போடலாம். அந்தந்த ஹெட்செட்டுக்கென்றே நேட்டிவாக எழுதலாம். ஒன்றும் செய்யாமல் காத்திருக்கவும் செய்யலாம்; அதுவும் ஒரு தேர்வுதான், பலரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

சதவீதத்தின் உண்மையான எடை

ஆப்பிளின் ஆப் ஸ்டோர் 2008 ஜூலை 10 அன்று சுமார் 500 ஆப்களோடு திறந்தபோதே 30 சதவீதம் என்று வைத்துவிட்டார்கள். அதற்கு முன் ஃபோனுக்கு மென்பொருள் விற்றவர்கள் தொலைபேசி நிறுவனங்களிடம் இதைவிட அதிகமாகவே இழந்துகொண்டிருந்ததால், அன்றைக்கு அது தாராளமாகத்தான் தெரிந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. 2016-ல், சந்தா ஓராண்டைத் தாண்டிவிட்டால் 15 சதவீதம் போதும் என்றார்கள். 2021 ஜனவரியிலிருந்து ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை ஈட்டும் சிறிய டெவலப்பர்களுக்கு எல்லாவற்றுக்குமே 15 சதவீதம். கூகுளும் அதே ஆண்டு ஜூலையில் முதல் 10 லட்சம் டாலருக்கு 15 என்று இறக்கியது. ஒன்றை மறக்க வேண்டாம்: ஆப்பிளின் சிறு நிறுவனத் திட்டத்தில் நீங்களாகப் போய்ப் பெயர் கொடுத்தால்தான் 15. கொடுக்காவிட்டால் 30 தான் பிடிப்பார்கள்.

ஆகவே இந்த இரண்டு ஸ்டோரிலும் நம் உடற்கூறு ஆப்புக்கு நடைமுறை விகிதம் 15. அதைச் சொந்த இணையதளத்தில் விற்றால் என்ன ஆகும்? ஸ்ட்ரைப் போன்ற கட்டணச் சேவை அமெரிக்காவில் உள்நாட்டு அட்டைக்கு 2.9 சதவீதமும் 30 சென்டும் எடுக்கிறது. பல நாடுகளில் விற்றால் நாடு நாடாக விற்பனை வரி கட்டுகிற தலைவலி வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 முதல் டிஜிட்டல் பொருளுக்கு வாங்குகிறவர் இருக்கும் நாட்டின் வரிதான் கணக்கு. இந்தத் தலைவலியையும் சேர்த்து வாங்கிக்கொண்டு, விற்பனையாளர் என்ற பொறுப்பைத் தாங்களே ஏற்கும் பேடில் போன்ற சேவைகள் 5 சதவீதமும் 50 சென்டும் கேட்கின்றன.

இப்போது விலையைப் போட்டுப் பாருங்கள். 50 டாலர் பொருளுக்கு ஸ்டோர் 7.50 டாலர் எடுக்கும், பேடில் விகிதத்தில் 3 டாலர், ஸ்ட்ரைப்பில் 1.75. வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. 10 டாலர் பொருள் என்றால் ஸ்டோருக்கு 1.50, பேடில் வழி 1 டாலர், ஸ்ட்ரைப் வழி 59 சென்ட். 3 டாலர் ஆப்பில் கதை திரும்பிவிடுகிறது. ஸ்டோர் 45 சென்ட் எடுக்கும். பேடில் விகிதத்தில் 65 சென்ட் போய்விடும். ஒரு டாலர் ஆப்பில் ஸ்ட்ரைப்பே 33 சென்ட் எடுத்துவிடும், அதாவது ஊரெல்லாம் திட்டித் தீர்த்த அந்த 30 சதவீதத்தைவிட அதிகம். 15 சதவீத ஸ்டோரும் வரியைச் சேர்த்துப் பார்க்கும் சேவையும் சமமாவது சரியாக 5 டாலர் விலையில். அதற்குக் கீழே விற்கிறவர்கள் ஸ்டோரைத் திட்டுவதற்கு முன் கால்குலேட்டரை எடுப்பது நல்லது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஆப்பிளில் கணக்கு வைத்திருக்க ஆண்டுக்கு 99 டாலர். கட்டாமல் விட்டால் ஆப் ஸ்டோரிலிருந்து இறங்கிவிடும். கூகுளில் ஒரே தடவை 25 டாலர். 10 டாலர் ஆப்பை 15 சதவீதக் கமிஷனில் விற்றால் அந்த 99 டாலரை எடுக்கவே ஆண்டுக்கு 12 பேர் வாங்க வேண்டும். வளர்ந்த தளத்தில் இது சில்லறைச் செலவு. ஆளில்லாத தளத்தில் அந்தப் பன்னிரண்டு பேரும் வருவார்களா என்பதே கேள்வி.

ஆயிரம் பேர் வாங்கினார்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஸ்டோர் வழி 8,500 டாலர், பேடில் வழி 9,000. வித்தியாசம் 500 டாலர். நேட்டிவாக ஒரு பதிப்பு எழுத இரண்டு பேருக்கு மூன்று மாதம் என்று மிகக் குறைவாகப் போட்டாலும், 500 டாலர் அந்த உழைப்பின் ஓரத்தைக்கூடத் தொடாது.

சதவீதம் நிஜமாகவே பிரச்சினையாகும் இடங்களும் உண்டு. ஆப்பிளின் 30 சதவீதத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்த, ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா, 2022 ஏப்ரலில் தன் ஹொரைசன் வேர்ல்ட்ஸ் மெய்நிகர் உலகத்துக்குள் பொருள் விற்பவர்களுக்கு ஒரு விகிதம் அறிவித்தது: தன் குவெஸ்ட் ஹெட்செட்டின் ஸ்டோருக்கு 30, மீதி 70-ல் கால் பங்காக 17.5, ஆக மொத்தம் 47.5 சதவீதம். ஸ்டோருக்குள் ஒரு ஸ்டோர் என்று அடுக்கு அடுக்காகப் போகும்போது இப்படித்தான் ஆகும். அந்த மாதிரி இடத்தில் கமிஷனை முதல் கேள்வியாகவே வைக்கலாம், தப்பில்லை.

டேப்லெட் ஆப்பை அப்படியே ஓட விடுவது

இதற்கு வேலை ஏறக்குறைய எதுவுமில்லை. ஆப்பிளின் ஹெட்செட்டான விஷன் ப்ரோ 2024 பிப்ரவரி 2-ல் வந்தபோது அதற்கென்றே எழுதிய ஆப்கள் 600 சொச்சம். ஆனால் ஓடக்கூடிய ஐபேட் ஆப்கள் பத்து லட்சத்துக்கும் மேல். டெவலப்பர் வேண்டாம் என்று சொல்லாவிட்டால் ஐபேட் ஆப் தானாகவே அங்கே கிடைக்கும். வேண்டாம் என்று சொன்னவர்களும் உண்டு. நெட்ஃபிளிக்ஸ், யூடியூப், ஸ்பாட்டிஃபை மூன்றுமே அறிமுகத்தின்போது வராமல் ஒதுங்கி நின்றன. பெரிய நிறுவனங்களே வராத இடத்தில் நாம் ஏன் முந்த வேண்டும் என்று கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் பெட்டியில் ஒரு டிக் எடுக்காமல் விடுவதற்குச் செலவு எதுவுமில்லை. ஹெட்செட்டுகளுக்கான கூகுளின் ஆண்ட்ராய்டு எக்ஸ்ஆர் தளமும் பிளே ஸ்டோரின் ஆப்களை இதே மாதிரி உள்ளே விடுகிறது.

கிடைப்பது, காற்றில் மிதக்கும் ஒரு தட்டையான ஜன்னல். மண்டை ஓட்டைச் சுற்றி நடந்து பார்க்க முடியாது. ஆனால் யாராவது அங்கே நம் ஆப்பைத் திறக்கிறார்களா, திறந்தவர்கள் எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். நேட்டிவ் பதிப்பு வேண்டுமா என்று முடிவெடுக்க இதைவிட மலிவான ஆய்வு கிடையாது.

பிரவுசர் வழி

ஹெட்செட்டில் இருக்கும் பிரவுசரிலேயே முப்பரிமாணக் காட்சியைத் திறக்க வெப்எக்ஸ்ஆர் என்ற பொதுத் தரம் (ஸ்டாண்டர்ட்) இருக்கிறது. யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம், ஆய்வுக்குக் காத்திருக்க வேண்டாம், பிழையைத் திருத்தினால் அடுத்த நிமிடம் எல்லாருக்கும் போய்ச் சேரும். ஒரே நிரல் குவெஸ்ட்டிலும் ஓடும், விஷன் ப்ரோவிலும் ஓடும், ஹெட்செட்டே இல்லாதவரின் மடிக்கணினியிலும் ஓடும். இந்தக் கடைசி வசதி எனக்கு மிகப் பெரியதாகப் படுகிறது. ஹெட்செட் சந்தை படுத்துவிட்டாலும் வேலை வீணாகாது.

ஓட்டைகளும் இருக்கின்றன. ஆப்பிளின் பிரவுசரான சஃபாரியில் வெப்எக்ஸ்ஆர் தானாகவே இயங்க ஆரம்பித்தது, விஷன் ப்ரோவுக்கு 2024-ல் வந்த விஷன்ஓஎஸ் 2 இயங்குதளத்தில்தான். அதிலும் சுற்றுப்புறத்தை முழுக்க மறைக்கும் முறைக்கு மட்டும்தான் வழி. அறையில் இருக்கும் மேசை மேல் எலும்புக்கூட்டை வைத்துப் பார்க்கும் கலப்பு முறை கிடையாது. குவெஸ்ட்டின் பிரவுசரில் அது உண்டு. ஒரே நிரல் எங்கும் ஓடும் என்று சொல்லிவிட்டு, அப்புறம் இந்தக் கருவிக்கு இது, அந்தக் கருவிக்கு அது என்று கிளை பிரிக்க வேண்டி வரும்.

காசு வாங்குவது இன்னொரு சிக்கல். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, அந்தரத்தில் மிதக்கும் கீபோர்டில் பதினாறு இலக்க அட்டை எண்ணை ஒவ்வொன்றாகக் குத்திக்கொண்டிருக்க யாருக்கும் பொறுமை இருக்காது. ஸ்டோரில் ஒரு சைகையில் வாங்குகிறார்கள். இங்கே பாதியிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஃபோனிலோ கணினியிலோ பணம் கட்ட வைத்து, ஹெட்செட்டில் ஒரு சிறிய குறியீட்டை மட்டும் தட்டச் சொல்வதுதான் நடைமுறைக்கு ஒத்து வரும். தொலைக்காட்சி ஆப்கள் இதைத்தான் செய்கின்றன.

தளக்காரரின் மனசு மாறினாலும் பிரவுசர் வழி ஆட்டம் காணும் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2024 பிப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கான ஐஃபோன்களில் முகப்புத் திரை வெப் ஆப்களை எடுத்துவிடப் போவதாக ஆப்பிள் சொன்னது. எதிர்ப்பு கிளம்பியதும் மார்ச் 1 அன்று முடிவை மாற்றிக்கொண்டது. எதிர்ப்பு கிளம்பாமல் இருந்திருந்தால்? அதே சமயம், வெறும் இணையப் பக்கத்தை ஒரு உறைக்குள் போட்டு ஆப் என்று ஸ்டோருக்கு அனுப்பினால் போதிய வசதி இல்லை என்று திருப்பிவிடுவார்கள். எனவே வெப் என்றால் வெப்பாகவே இருக்கட்டும். பாதி அங்கே, பாதி இங்கே என்று இழுத்தால் இரண்டு பக்கத்துத் தொல்லையும் வந்து சேரும்.

ஸ்டீம்

கணினி ஹெட்செட்டுகளுக்கு இதுதான் பெரிய சந்தை. ஒரு பொருளுக்கு 100 டாலர் கட்டிச் சேர வேண்டும், விற்பனை 1,000 டாலரைத் தொட்டால் அது திரும்பி வரும். கமிஷன் 30 சதவீதம்; 2018-ல் 1 கோடி டாலருக்கு மேல் 25, 5 கோடிக்கு மேல் 20 என்று படிப்படியாகக் குறைத்தார்கள். ஆகப் பெரியவர்களுக்குத்தான் அந்தச் சலுகை, சிறியவர்களுக்கு இல்லை. ஆப்பிளும் கூகுளும் செய்ததற்கு நேர் எதிர். ஆனால் ஸ்டீமில் அதிகம் பேசப்படாத ஒரு வசதி உண்டு: டெவலப்பர் தன் பொருளுக்கான திறவுகோல்களை எடுத்துத் தன் தளத்தில் விற்கலாம், அதில் ஸ்டீமுக்குப் பங்கு கிடையாது. கல்லூரிகளுக்கு மொத்தமாக விற்கக்கூடிய நம் மாதிரி ஆப்புக்கு அது பொருந்தி வரும். எபிக்கின் ஸ்டோர் 12 சதவீதம்தான் எடுக்கிறது; 2025 ஜூனிலிருந்து ஒரு பொருளின் ஆண்டு வருவாயில் முதல் 10 லட்சம் டாலருக்கு அதுவும் இல்லை. இட்ச் தளத்தில் பங்கு எவ்வளவு என்பதை டெவலப்பரே முடிவு செய்யலாம். இரண்டும் விளையாட்டுக்காரர்கள் கூடும் இடம். உடற்கூறு படிக்க அங்கே யார் வரப் போகிறார்கள்?

நேட்டிவ் என்றால் எவ்வளவு வேலை

இங்கேதான் காசு கரையும். அதுவும் சதவீதமாகக் கரையாது.

மணிக்கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டுச் சிறிய எலும்புகள், நெருக்கியடித்துக்கொண்டு. டேப்லெட்டில் பெரிதாக்கி விரலால் தொட்டால் தேர்வாகிவிடும். விஷன் ப்ரோவில் சுட்டுவது கண். எதைப் பார்க்கிறோமோ அது மெல்ல ஒளிரும், விரல்களைச் சேர்த்துக் கிள்ளினால் தேர்வாகும். ஒட்டி ஒட்டி இருக்கும் எட்டு எலும்புகளில் ஒன்றைக் கண்ணாலேயே பிரித்துக் காட்டுவது லேசில் நடக்காது. பொத்தான்கள் குறைந்தது 60 புள்ளி அகலமாவது இருக்கட்டும் என்று ஆப்பிளின் வடிவமைப்பு வழிகாட்டியே சொல்கிறது. ஆகவே எலும்புகளை விலக்கிப் பரப்பிக் காட்டும் ஒரு காட்சியைப் புதிதாக யோசித்து, வரைந்து, எழுத வேண்டும்.

அதோடு முடியவில்லை. அந்த ஒளிர்வை வரைவது இயங்குதளம். ஆப்புக்கு அதில் பங்கில்லை. பயனர் கிள்ளும் வரை அவர் எங்கே பார்க்கிறார் என்பது ஆப்புக்குச் சொல்லப்படவே படாது. அந்தரங்கத்தைக் காக்கும் நல்ல ஏற்பாடு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எலும்பின் மேல் சுட்டி நின்றதும் நிரல் விழித்துக்கொண்டு பெயரைக் காட்டும் பழைய முறையை அப்படியே கொண்டுவர முடியாது. என்ன விளைவு வேண்டும் என்று முன்கூட்டியே இயங்குதளத்திடம் அறிவித்து வைக்கத்தான் முடியும். மாணவர் எந்த எலும்பை எவ்வளவு நேரம் பார்த்தார் என்று குறித்துவைக்கும் வசதி அங்கே நடக்காத காரியம்.

குவெஸ்ட்டுக்குப் போனால் பாடு வேறு. நொடிக்கு 72 ஃபிரேம்கள் (படச் சட்டங்கள்) தடையில்லாமல் ஓட வேண்டும் என்பது அங்கே விதி. அதாவது ஒரு ஃபிரேமை வரைய 14 மில்லி நொடிக்கும் குறைவு, அதற்குள் இரண்டு கண்ணுக்கும் வரைந்து முடிக்க வேண்டும், அதுவும் ஃபோன் அளவு சிப்பில். டேப்லெட்டில் காட்சி லேசாகத் திக்கினால் யாரும் கவனிக்க மாட்டார்கள். தலையில் மாட்டியிருக்கும்போது திக்கினால் குமட்டும். எனவே லட்சக்கணக்கான முக்கோணங்களால் செய்த தசை மாதிரிகளை எல்லாம் இளைக்க வைக்க வேண்டும். இந்த வேலைகளில் ஒன்றுகூடக் கமிஷன் பூஜ்யம் ஆனாலும் குறையாது.

வேலையை இரண்டு கருவிக்கும் பகிர யூனிட்டி, கோடோ மாதிரியான எஞ்சினில், அதாவது ஒரே நிரலைப் பல கருவிக்கும் மாற்றித் தரும் மென்பொருளில், எழுதலாம். ஹெட்செட்டுகளுக்கு ஓப்பன்எக்ஸ்ஆர் என்ற பொதுத் தரம் 2019 முதல் இருக்கிறது, மெட்டாவும் மற்றவர்களும் ஏற்றிருக்கிறார்கள். ஆப்பிள் தன் வழியில் தனியாகப் போகிறது. எஞ்சின்காரர்களும் பங்கு கேட்கக் கூடும் என்பதை 2023 செப்டம்பரில் யூனிட்டி காட்டியது. ஒவ்வொரு நிறுவலுக்கும் கட்டணம் என்று அறிவித்தார்கள். டெவலப்பர்கள் கொதித்தெழ, அடுத்த ஆண்டு செப்டம்பரில் யூனிட்டி அதை அடியோடு கைவிட்டது. மாதிரிகளின் மூல ஃபைலை பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் வைத்துக்கொண்டு, ஆப்பிளுக்கு யுஎஸ்டிஇஸட் வடிவிலும் மற்றவர்களுக்கு ஜிஎல்டிஎஃப் வடிவிலும் ஏற்றுமதி செய்துகொள்வது எந்த வழிக்குப் போனாலும் கைகொடுக்கும்.

சரி, இவ்வளவு வேலை செய்து எழுதிய தளம் நிலைக்குமா? பழைய கதைகள் ஆறுதல் தருவதாக இல்லை. ஹெச்பி 2011 ஜூலையில் டச்பேட் டேப்லெட்டை வெளியிட்டு ஏழே வாரத்தில் நிறுத்தியது. விண்டோஸ் ஃபோன் 7-க்கு மைக்ரோசாஃப்டின் சில்வர்லைட், எக்ஸ்என்ஏ என்ற நிரல் கருவிகளில் எழுதியவர்கள், அடுத்த பதிப்பு வந்தபோது பழைய ஃபோன்களுக்கு அது கிடைக்காது என்று கேள்விப்பட்டார்கள். அப்புறமும் எழுதும் முறை மாறியது, அதற்கப்புறமும் மாறியது, 2020 ஜனவரியில் ஆதரவே முடிந்தது. கூகுள் தன் இணைய வழி விளையாட்டுச் சேவையான ஸ்டேடியாவை மூடப்போவதை 2022 செப்டம்பரில் அறிவித்தபோது, அதற்காக விளையாட்டு எழுதிக்கொண்டிருந்தவர்கள்கூடச் செய்தியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

பிழைத்த தளத்திலும் முந்திக்கொண்டவர்களுக்கு அடி விழுந்திருக்கிறது. ஆப்பிள் வாட்ச் 2015 ஏப்ரலில் வந்தபோது வெளி ஆப்களின் நிரல் ஃபோனில் ஓடியது, கைக்கடிகாரம் வெறும் திரை. ஒவ்வொரு தொடுதலுக்கும் காத்திருக்க வேண்டும். செப்டம்பரில் வாட்ச்ஓஎஸ் 2 வந்து நிரல் கடிகாரத்திலேயே ஓட ஆரம்பித்தது. ஒரே பார்வையில் தகவல் தரும் 'கிளான்ஸ்' என்ற வசதிக்காக மெனக்கெட்டவர்களுக்கு 2016-ல் அந்த வசதியே இல்லாமல் போனது. 2017-ல் கூகுள் மேப்ஸ், அமேசான், ஈபே மூன்றும் வாட்ச் ஆப்பைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டன. எடுத்ததையே பலரும் வெகு நாள் கவனிக்கவில்லை. 2020-ல் மேப்ஸ் மட்டும் திரும்பி வந்தது, தளம் ஒரு நிலைக்கு வந்த பிறகு.

முந்தியதால் ஜெயித்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஐஃபோனை அதற்கு உதாரணம் காட்டுவது சரியல்ல. ஸ்டோர் திறப்பதற்குள் அறுபது லட்சம் சொச்சம் ஐஃபோன்கள் விற்றிருந்தன. வாங்குகிறவர்கள் முதலில் வந்து காத்திருந்தார்கள், டெவலப்பர்கள்தான் பின்னால் வந்தார்கள். ஹெட்செட்டுக்கு ஏற்ற உதாரணம் பீட் சேபர். வாளால் தாளத்தை வெட்டும் அந்த விளையாட்டைத் திரையில் விளையாடவே முடியாது. ஹெட்செட் இருந்தால்தான் அது இருக்கும். சின்னஞ்சிறு குழு யூனிட்டியில் எழுதியது. 2018 மேயில் கணினியில், அதே ஆண்டு நவம்பரில் பிளேஸ்டேஷனில், 2019 மேயில் குவெஸ்ட் வந்த அன்றே குவெஸ்ட்டில். அதே ஆண்டு நவம்பரில் ஃபேஸ்புக் அந்த நிறுவனத்தையே வாங்கியது. 30 சதவீதம் எடுக்கும் ஸ்டோர்களில் விற்றுத்தான் அந்த இடத்துக்கு வந்தார்கள். ஒரே கருவியைக் கட்டிக்கொண்டு அழவும் இல்லை.

வெளியே விற்று உள்ளே கொடுப்பது

நேட்டிவாகப் போனாலும் பணத்தை வெளியே வாங்க வழி இருக்கிறது. வேறு தளத்தில் வாங்கிய உள்ளடக்கத்தை ஆப்புக்குள் திறக்க ஆப்பிளின் விதி அனுமதிக்கிறது, அதையே ஆப்புக்குள்ளும் வாங்கக் கிடைக்கச் செய்தால். வெளியே வாங்கலாம் என்று ஆப்புக்குள் இணைப்புக் கொடுப்பதுதான் சண்டைக்குரிய விஷயம். 2024 ஜனவரியில் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கொடுத்த ஆப்பிள், அந்த விற்பனைக்கும் 27 சதவீதம் கேட்டது. அட்டைக் கட்டணத்தைச் சேர்த்தால் முப்பதுக்குக் குறையாது, பிறகு யார் அதைப் பயன்படுத்துவார்கள்? 2025 ஏப்ரல் 30-ல், எபிக் தொடுத்த வழக்கின் நீதிபதி இவோன் கொன்சாலெஸ் ராஜர்ஸ் இது தன் பழைய உத்தரவை மீறுவது என்று கண்டித்து, அந்தக் கமிஷனுக்குத் தடை போட்டார். வழக்கு அதன் பிறகும் மேல்முறையீட்டுக்குப் போனது. நீதிமன்ற உத்தரவை நம்பி வருமானத் திட்டம் போடுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கிடைத்தால் லாபம், அவ்வளவுதான்.

தளக்காரரே பணம் கொடுத்தால்? அது வேறு கணக்கு. பிளாக்பெர்ரி நிறுவனத்தின் ஃபோன் இயங்குதளமான பிளாக்பெர்ரி 10 வருவதற்கு முன், தரச் சான்று பெற்ற ஒரு ஆப் முதல் ஆண்டில் 1,000 டாலராவது ஈட்டி 10,000-ஐ எட்டாமல் நின்றால் மீதியைத் தாங்களே தருவதாகச் சொன்னார்கள். 2013-ல் மைக்ரோசாஃப்ட் தன் விண்டோஸ் தளங்களுக்கு எழுதிய ஒரு ஆப்புக்கு 100 டாலர் கொடுத்தது. முதலாவது ஒரு சிறிய குழுவின் செலவில் பாதியையாவது தாங்கும். இரண்டாவது குப்பை ஆப்களைத்தான் வரவழைக்கும். உங்களுக்கு அப்படி ஒரு வாய்ப்பு வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒப்பந்தத்தில் இரண்டு விஷயத்தை மட்டும் தேடுங்கள்: இதே ஆப்பை வேறு தளத்தில் வெளியிடத் தடை இருக்கிறதா, இருந்தால் எத்தனை மாதம், பணம் வெளியீட்டின்போது வருகிறதா, விற்பனை நடந்த பிறகு வருகிறதா. பிளாக்பெர்ரியின் ஆப் ஸ்டோர் 2019 முடிவோடு மூடப்பட்டது. அதற்கு எழுதியதை வேறு எங்கும் கொண்டுபோக முடியாமல் கட்டுப்பட்டிருந்தால், வாங்கிய பணம் ஒரு பொருட்டாகவே இருந்திருக்காது.

உடற்கூறு ஆப்புக்கு என் முடிவு

டேப்லெட் பதிப்பை ஹெட்செட்டில் ஓட விட்டுவிடுவேன், அது இன்றைக்கே. அடுத்து, முழு ஆப்பையும் மாற்றாமல் எலும்புக்கூட்டை மட்டும் வெப்எக்ஸ்ஆரில் கொண்டுவருவேன். குவெஸ்ட்டில் கலப்பு முறை, விஷன் ப்ரோவில் முழுக்காட்சி, மற்றவர்களுக்குச் சாதாரணத் திரை. விலை 5 டாலருக்கு மேல் என்பதால் சொந்தத் தளத்தில் விற்பனை, வரியைப் பார்த்துக்கொள்ளும் சேவை வழியாக. ஸ்டீம் வேண்டாம், கல்லூரி ஏதாவது கணினி ஹெட்செட்டோடு கேட்டு வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் ஆப் பீட் சேபர் வகை என்றால், அதாவது ஹெட்செட்டை எடுத்துவிட்டால் யோசனையே காணாமல் போகும் என்றால், இந்த வரிசை உங்களுக்குப் பொருந்தாது. முதல் நாளிலிருந்தே நேட்டிவ், ஆனால் பல கருவிக்கும் போகக்கூடிய எஞ்சினில். கமிஷன் முப்பதாகவே இருக்கட்டும்.

உடற்கூறு ஆப்பின் நேட்டிவ் பதிப்பை எப்போது தொடங்குவேன் என்றால், தளக்காரரின் அடுத்த பெரிய இயங்குதளப் பதிப்பு வந்து பழைய ஆப்கள் அதில் உடையாமல் ஓடுகின்றன என்று பார்த்த பிறகு, நம் வெப் பதிப்புக்கு ஹெட்செட்டிலிருந்து வருகிறவர்கள் மாதா மாதம் கூடுகிறார்கள் என்றால். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் காத்திருப்பேன். அதுவரை, கருவி இல்லாமலே கணினியில் ஆப்பை ஓட்டிப் பார்க்க இலவசமாகக் கிடைக்கும் சிமுலேட்டரில் முயன்று பார்க்கலாம், தடையில்லை. ஆனால் விஷன் ப்ரோ சிமுலேட்டரில் கண்ணுக்குப் பதில் மவுஸ் சுட்டிதான் வேலை செய்யும். மணிக்கட்டின் எட்டு எலும்புகளும் அதில் அழகாகத் தேர்வாகும், கருவியில் போட்டால்தான் சங்கதி தெரியும். அந்தக் கருவி அறிமுகமான விலை 3,499 டாலர். 10 டாலர் ஆப்பை 2,300 பேருக்கு மேல் விற்றால்தான் 15 சதவீதக் கமிஷன் அந்தத் தொகையை எட்டும்.